ஜிப் இல்லாத கூடாரம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி இருமல் இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலாம், கடைத்தெருவுக்கு நடக்கும்போது வலிப்பதில்லை, மாடிக்குத் துணி உலர்த்தப் போகச் சொன்னால் மட்டும் வந்துவிடும். நான் இன்னும் கார் சீட் உறை தைக்கிற அந்தக் கடைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன், முதலாளியின் மகன் இப்போது பொறுப்புக்கு வந்திருக்கிறான், எல்லாவற்றுக்கும் மெல்லிய நூலே போதும் என்கிறான், கனமான ஆள் ஒருவர் உட்கார்ந்து எழுந்தால் தெரியும்.

போன வாரம் போனில் நீ அண்ணனுடைய கூடாரத்தை அனுப்பச் சொன்னபோது அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. எனக்குப் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான், அதனால்தான் எழுதுகிறேன். காரில் ஏரிக்கரைக்குப் போய்த் தங்கப்போகிறோம், புதிது வாங்க அவர் தயாராகத்தான் இருக்கிறார், ஆனால் குட்டி தன் மாமாவின் கூடாரத்தில் படுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை என்று நீ சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனாய். உன்மேல் கோபமில்லை. இத்தனை வருஷமாகப் பரண்மேல் அது கிடக்கிறது, நாங்கள் அதைத் தூக்கிப் போடவும் இல்லை, தொடவும் இல்லை. ஆனால் உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. மழை வலுத்தால் பரணிலிருந்து ஜிப் சத்தம் வரும், பகலோ இரவோ கணக்கில்லை. கீழிருந்து மேலாக மெதுவாக இழுத்து மூடுகிற சத்தம், கடைசியில் கொஞ்சம் சிக்கும், பிறகு ஒரே இழுப்பு. அந்த ஜிப் அந்த இடத்தில் சிக்கும் என்பது உனக்கே தெரியும். முதலில் அப்பாவிடம் சொன்னபோது "எலி ஓடுது, நீ வேற" என்றார். எலிப்பொறி வைத்தார், ஒரு எலியும் விழவில்லை. பிறகு மழை வந்தாலே ரேடியோவைச் சத்தமாக வைக்க ஆரம்பித்தார், அவருக்கும் கேட்கிறது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அண்ணன் நம்மை விட்டுப் போன அன்றைக்கு நடந்ததை உனக்கு யாரும் முழுதாகச் சொன்னதில்லை. நீ பரீட்சைக்காக விடுதியில் இருந்தாய், வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, மூச்சுத் திணறிவிட்டது என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இப்போது நீ ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதால் சொல்கிறேன். அண்ணனும் அவன் கூட்டாளி சுருட்டையும் போனது எப்போதும் போகிற அதே இடம்தான். சாயங்காலம் கரி அடுப்பை மூட்டி வெளியே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள், அப்போது மழை பிடித்துக்கொண்டது. சுருட்டையின் குறட்டைக்குப் பயந்து அண்ணன் அவனை எப்போதும் காரில்தான் படுக்க வைப்பான், அன்றைக்கும் அப்படித்தான். துணியெல்லாம் நனைந்து, விரிப்பு நனைந்து, குளிர் தாங்காமல் அடுப்பை உள்ளே எடுத்து வைத்திருக்கிறான். தீ எரியவில்லை, புகை இல்லை, சாம்பல் பூத்த கரிதானே, என்ன செய்துவிடும் என்று நினைத்திருப்பான், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். காற்று வருகிற இடத்தையெல்லாம் துண்டு வைத்து அடைத்து, ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டான். அந்தக் கரியிலிருந்து வருகிற வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, இருமக்கூட விடாது, தூக்கத்திலேயே ஆளை எடுத்துக்கொள்ளும். காலையில் சுருட்டைதான் போய்த் திறந்தான். வருஷம் திரும்பிய பிறகு ஒருநாள் என்னிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், "உள்ள கதகதன்னு இருந்துச்சும்மா, தொறந்ததும் மூஞ்சில சூடா வந்துச்சு" என்று. அதிலிருந்து எனக்குக் கதகதப்பு என்றாலே பயம். நம் வீட்டில் எந்த ஜன்னலையும் முழுதாகச் சாத்துவதில்லை என்று நீ எத்தனை சண்டை போட்டிருக்கிறாய், கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை கம்பளிக்குள் சுருண்டு கிடந்துவிட்டுக் காலையில் "உங்க வீட்ல ஜன்னலுக்குக் கொக்கியே கெடயாதா" என்று கேட்டார். கொக்கி இருந்தது, அப்பாதான் கழற்றி எறிந்துவிட்டார்.

கூடாரத்தைத் தரமாட்டேன் என்றுதான் முதலில் இருந்தேன். புதிதாகவே வாங்கிக்கொள்ளட்டும் என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிராமல் "புதுசுக்கும் ஜிப் இருக்குமில்ல" என்றார். கூடாரத்தை இறக்க மறுநாளே சுருட்டையை வரச்சொன்னேன். இப்போது வயரிங் வேலை செய்கிறான், தலையில் மருந்துக்குக்கூட முடி கிடையாது, ஆனாலும் நமக்கு அவன் சுருட்டைதான். பரணில் ஏறியவன் ரொம்ப நேரம் இறங்கவே இல்லை. என்னடா என்று கேட்டால் "ஜிப் மூடியிருக்கும்மா" என்றான். அதைத் துவைத்துக் காயவைத்து, துணி புழுங்கக்கூடாது என்று ஜிப்பைத் திறந்துவிட்டு மடித்து வைத்தது நான். அப்பா வேகமாக வந்து "நான்தான் எப்பவோ மூடியிருப்பேன்" என்றார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் பரணில் ஏறினார் என்றால் நீ நம்புவாயா. மூன்று பேரும் உட்கார்ந்து காபி குடித்தோம்.

கடை மெஷினில் வைத்துத்தான் தைத்தேன், நம் வீட்டு மெஷினுக்கு அந்தத் துணி மசியாது. முதலில் ஜிப்பைப் பிரித்து எடுத்தேன், முழுசாகக் குப்பையில் போடப் பயமாக இருந்தது, துண்டு துண்டாக வெட்டிப் போட்டேன். வாசலுக்கு ஒன்றின்மேல் ஒன்று விழுகிற மாதிரி இரண்டு துணி, கட்டிக்கொள்ள நாடா, எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் இடுக்கு இருக்கும். தலைமாட்டில் கீழே ஒன்றும் கால்மாட்டில் உச்சியில் ஒன்றுமாக ஜன்னல் வெட்டி, கொசுவலை வைத்து, வெளிப்பக்கம் சாய்வாகத் துணி இறக்கியிருக்கிறேன், மழை உள்ளே வராது, ஆனால் மூடவும் முடியாது. தையல் ஓட்டைகளில் பசை தடவிக் காயவைத்து, நம் வீட்டு வாசலில் கூடாரத்தை நிறுத்தி, அப்பாவை உள்ளே உட்கார வைத்துவிட்டுக் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தேன். கொஞ்ச நேரம் "ஒரு சொட்டு இல்ல, இன்னும் அடி" என்று குரல் வந்தது. பிறகு குரல் இல்லை. தண்ணீரை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டேன், பதில் இல்லை. நாடாவை அவிழ்க்க வராமல் துணியை விலக்கிப் பார்த்தால், மேல் ஜன்னலில் கையை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார், முகமெல்லாம் ஈரம். ஒழுகுதா என்று கேட்டேன். "இல்ல, காத்து வருது, நல்லா வருது" என்றார். இருவரும் அதற்குள்ளேயே உட்கார்ந்து அழுதோம், பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

காற்று வந்தால் குளிருமே என்று நீ கேட்பாய். குளிரும், அதற்கு வழி இருக்கிறது. குளிர் மேலே இருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும், அதனால் போர்வையை மேலே அடுக்குவதைவிட அடியில் அடுக்கு, காரில்தானே போகிறீர்கள், வீட்டு மெத்தையையே எடுத்துப் போடு, யார் தலையில் சுமக்கப்போகிறார்கள். மேடாகப் பார்த்துக் கூடாரம் அடியுங்கள், பள்ளம் பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று ஏமாந்தால் மழையில் குளமாகிவிடும். அடியில் விரிக்கிற பிளாஸ்டிக் விரிப்பு கூடாரத்துக்கு வெளியே ஒரு விரல்கூட நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது, நீட்டினால் மழைத்தண்ணீரைப் பிடித்து உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். பகலெல்லாம் ஓடியாடிய துணியோடு குட்டியைப் படுக்க வைக்காதே, அந்த வேர்வை ஈரம்தான் பிறகு குளிரும், உலர்ந்த உடுப்பும் கம்பளிச் சாக்ஸும் பையில் கட்டிக் காருக்குள்ளேயே இருக்கட்டும், படுக்கும்போதுதான் வெளியே வர வேண்டும். பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணியில் சுற்றிக் காலடியில் வை. வெறும் வயிற்றோடு படுக்காதீர்கள், படுக்கும் முன் எல்லோரும் ஒன்றுக்குப் போய்விட்டு வாருங்கள், மாப்பிள்ளையும்தான். தலைக்குக் குல்லா போடு, போர்வைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சு விடாதே. காலையில் துணியின் உள்பக்கம் ஈரமிருந்தால் அம்மா தைத்தது ஒழுகுகிறது என்று பழி போடாதே, அது உங்கள் மூச்சுதான். நெருப்பு என்று பெயருள்ள எதுவும், அணைந்துவிட்டது என்று நீங்களே நினைத்தாலும், வாசலுக்கு உள்ளே வரக்கூடாது. அப்பா சொல்வது, ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டுக் காரிலும் தூங்கக்கூடாது, அந்த வாயு வந்தால் கத்துகிற சின்னக் கருவி கிடைக்கிறதாம், அதை மாப்பிள்ளை மறக்காமல் வாங்க வேண்டும். தாங்க முடியாத குளிரென்றால் கூடாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள், ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். என்ன ஆனாலும் அந்த ஜன்னல்களைத் துண்டு வைத்து அடைக்கமாட்டேன் என்று எனக்கு ஒரு வாக்குக் கொடு, போனில் சொன்னால் போதும்.

பார்சலைக் கட்டி முன்னறையில் வைத்த அன்றைக்கு இங்கே நல்ல மழை. அப்பா ரேடியோவைத் தொடவில்லை. இருவரும் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டோம், மழை மட்டும்தான் பெய்தது. இத்தனை வருஷம் பயந்து பயந்து கேட்ட சத்தம்தான், ஆனால் அது இல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, பிள்ளை எங்கே போனான் என்று எழுந்து எழுந்து பரணைப் பார்க்கிறேன். அங்கே மழை பெய்து, யாரோ வெளியிலிருந்து துணியைத் தடவித் தடவித் தேடுகிற மாதிரி உனக்குத் தோன்றினால் பயப்படாதே. ஜிப்பைத்தான் தேடுவான். "இல்லண்ணா, அம்மா எடுத்துட்டாங்க" என்று சொல்லு.

நீங்கள் மூன்று பேரும் நல்லபடியாகப் போய் நல்லபடியாகத் திரும்பி, நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், வீடு வந்து சேர்ந்ததும் எந்நேரமானாலும் போன் செய். ஒன்று மறந்துவிட்டேனே, பார்சலில் கம்பளி நான்கு இருக்கும், அம்மாவுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று மாப்பிள்ளை சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நான்காவதை வாசல் பக்கம் விரித்து வை. குளிரெடுத்துத்தானே அவன் அந்த அடுப்பை உள்ளே கொண்டுவந்தான்.

என்றும் உன் நினைப்பில்,
அம்மா