தவம் மச்சாளை உளவு பார்த்த பயணம்

ஜூலை 8, செவ்வாய். கேர்ன்ஸ்.

வெயில். உப்புக் காற்று. முதலில் வெட்கக்கேட்டை எழுதித் தொலைக்கிறேன்.

சுற்றுலாப் படிவத்தில் என் எடையை அறுபத்தெட்டு என்று போட்டிருந்தேன். குட்டி விமானம், ஏறுமுன் ஒவ்வொருவரையும் கைப்பையோடு தராசில் நிற்க வைத்தார்கள். வந்த எண் இங்கே எழுதப்படாது. விமானி தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எல்லாருடைய இருக்கையையும் மாற்றினார். கைப்பைக்குள் முழுக்கப் பருத்தித்துறை வடை என்று கூட வந்த ஒரு மெல்போர்ன் தம்பதியிடம் விளக்கினேன். ஒரு வடை என்ன பாரம் இருக்கும் என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

மச்சாளுக்கு விமானிக்குப் பக்கத்து இருக்கை. அவ்வளவு பாரமில்லாத உடம்பு. எனக்கு நடுவில், இறக்கைக்கு நேரே. விஞ்ஞானமாம்.

தவம் மச்சாள் என் கணவரின் அக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூப்பு. வென்ட்வேர்த்வில் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் சின்ன அடுக்குமாடி யுனிட், தனி வாசம். கடைக்கு நடை, பரமட்டாவுக்கு ரயில், மேய்ஸ் ஹில் முருகனுக்கு யாராவது ஒருவரின் கார். மகன் துஷி மெல்போர்னில், ட்ருகனினாவில், புது வீடு கட்டி, கராஜுக்குப் பக்கத்து அறையை அம்மாவுக்கென்று ஒதுக்கியிருக்கிறான். யுனிட்டை விற்றுவிட்டு வரச் சொல்கிறான். மச்சாள் மாட்டேன் என்கிறார். கார் இல்லாமல் தெருமுனைக்கும் போக முடியாத இடமாம்.

ஆகவே இந்தத் தீவும் மலையும் சுற்றும் பயணம், துஷியின் பரிசு. பத்தே பேர். என் ரகசிய வேலை: அம்மா படி ஏறுகிறாவா, மறக்கிறாவா, மூச்சு வாங்குகிறாவா என்று தினமும் அவனுக்கு எழுதுவது. தாக்குப்பிடிக்கவில்லை என்றால் யுனிட் விற்பனைக்கு.

"நீங்கள்தான் மாமி உண்மையைச் சொல்லுவீங்கள்" என்றான். அறுபத்தெட்டு என்று எழுதிய கையை நம்பி.

பொருட்கள்: தொப்பி, வடை, மாசிச் சம்பல், கம்பளிச் சட்டை, என் முழங்காலுக்கு வலி மாத்திரை ஒரு பெட்டி, புதிது. மருந்துப் பை மச்சாளின் பொறுப்பில். நான் தொலைத்துவிடுவேனாம்.

ஜூலை 9, புதன். தர்ஸ்டே தீவு.

இந்தக் கடலுக்குப் பச்சையா நீலமா என்று இன்னும் தீர்மானம் வரவில்லை. பார்த்துக்கொண்டே நின்று படகிலிருந்து இறங்க மறந்தேன். (மறதி: நான் 1, மச்சாள் 0.)

உள்ளூர் வழிகாட்டி ஒரு தீவுக்காரப் பெண்மணி. ஊரே அவரை அன்ரி டல்சி என்கிறது. இங்கேயும் பெரியவர்களுக்கு அன்ரிதானாம். மச்சாளுக்குப் பரம திருப்தி. ஐந்து நிமிடத்தில் இரண்டு அன்ரிகளும் கைகோர்த்து முன்னே போகிறார்கள்.

பழைய கோட்டைக் குன்று. மேலே பீரங்கிகள், சுற்றிலும் தீவுகள். நான் மேலே போய்ச் சேர்ந்தபோது மச்சாள் ஏற்கெனவே படம் எடுத்து முடித்திருந்தார். முழங்கால் நெருப்பு. ஆனாலும் மச்சாள் மாத்திரை போடாதவரை நானும் போடுவதில்லை என்று ஒரு வைராக்கியம்.

முத்துக்குளித்தவர்களின் இடுகாடு. கடலைப் பார்த்தபடி வரிசையாக யப்பானியரின் கல்லறைக் கற்கள். தொப்பியைக் கழற்றினேன்.

மாலை. டல்சியின் வளவில் முருங்கை மரம். மச்சாள் மரத்தைக் கண்டதும் மடியேந்தி நின்று ஒரு பையளவு இலை வாங்கிவிட்டார், யுனிட்டுக்குக் கொண்டுபோக. பூச்சி புழு பரவும், தீவிலிருந்து பச்சை இலை எதுவும் மறுகரைக்குப் போகக்கூடாது என்றார் டல்சி. மச்சாள் ஒரு நொடி யோசித்தார். விடுதிக் குசினிக்குள் போனார். தேங்காயும் அங்கேயே கிடைத்தது. பத்துப் பேருக்கும் முருங்கையிலை வறை. மெல்போர்ன்காரர் சட்டியை வழித்தார்.

துஷிக்கு: "குன்று ஏறினா. பத்துப் பேருக்குச் சமைச்சா. மறதி இல்லை."

ஜூலை 11, வெள்ளி. யங்கபரா, மலைநாடு.

நேற்று முழுக்கப் பயணம், எழுதவில்லை. இங்கே குளிர். புல்வெளி, மாடு, மூடுபனி. வடக்கு என்றால் வேர்வை என்று நினைத்துக் கம்பளியைத் திட்டினேன், இன்று அதற்கு முத்தம்.

திரைச்சீலை அத்தி. தாய்மரத்தைச் சாய்த்து, ஐம்பது பேர் தலைமுழுகி நின்றாற்போல வேர்களைத் தொங்கவிட்டிருக்கிறது. வாயைப் பிளந்து நின்றேன். முன்னால் நின்ற மச்சாள், திரும்பாமலே:

"இண்டைக்கு எழுதிப்போட்டியோ, ரஞ்சி?"

"என்னத்தை மச்சாள்?"

"துஷிக்குத்தான். அவன் சும்மா எனக்குப் பயணம் வாங்கித் தாற பிள்ளையே?"

மண்ணுக்குள் போகலாம் என்றால் எங்கும் வேர்.

"எழுது, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஏறினதையும் சேர்த்து எழுது. அந்தக் கராஜ் அறையிலை இருந்து நான் ஆரின்ரை முகத்தைப் பாக்கிறது?"

பிறகு வடை கேட்டார். கொடுத்தேன். என் பாரமும் கொஞ்சம் குறைந்தது.

மாலை, ஓடைக்கரையில் பிளாட்டிபஸ், வாத்து அலகுள்ள அந்தக் கூச்சப் பிராணி. எல்லாரும் மூச்சடக்கிக் காத்திருந்தோம். வந்தது. நான் தும்மினேன். போனது. ஒன்பது பேரும் என்னைப் பார்த்த பார்வை, தராசுக்கு அடுத்தபடி.

ஜூலை 12, சனி.

அருவி. கீழே இறங்க வழுக்கும் படிகள். நான் பாதியில், "காட்சி இங்கேதான் அழகு" என்று கல்லில் உட்கார்ந்தேன். மச்சாள் இறங்கினார், கம்பியைக்கூடப் பிடிக்காமல். சேலையைக் கணுக்கால்வரை தூக்கி, அந்த ஐஸ் தண்ணீரில் நின்று, எனக்குக் கையசைத்தார். பின்னால் வெள்ளைத் திரை. என்னையறியாமல் கைதட்டினேன். மற்றவர்களும்.

படத்தை அனுப்பினேன். "உன் அம்மா எங்களெல்லாரையும் புதைத்துவிட்டுத்தான் வருவா" என்று ஒரு வரியும்.

துஷியின் பதில் மதியச் சாப்பாட்டின்போது வந்தது: "ஓகே மாமி. யுனிட்டை விக்கேல்லை. அம்மா அங்கையே இருக்கட்டும்."

காட்டினேன். மச்சாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். தன் தட்டிலிருந்த கேக்கை என் தட்டில் வைத்தார்.

ஜூலை 14, திங்கள். வீடு.

மழை. உடுப்புத் தோய்ப்பு, இரண்டு சுற்று. இவர் ஆர்வமாகக் கேட்டது ஒன்றே: வடை மிச்சம் இருக்கா.

மச்சாளின் யுனிட்டில் நேற்று மாலையிலிருந்தே சன்னல் திரை மூடியிருக்கிறதாம், பக்கத்து யுனிட்காரி சொன்னா. நான் அடித்தும் போன் எடுக்கவில்லை. காலையில் ஒரு குறுஞ்செய்தி மட்டும்: படுத்திருக்கிறாவாம், வரத் தேவையில்லையாம்.

முழங்கால் இன்னும் நெருப்பு. போட்டி முடிந்ததுதானே என்று, மச்சாள் திருப்பித் தந்த மருந்துப் பையைத் திறந்தேன். மாத்திரைப் பெட்டி காலி.

நான் ஒன்றுகூடப் போடவில்லை.