கழுத்தில் பூசிய சந்தனம்

14 ஜூன் 1974, வெள்ளி

இன்று ஜெயித்துவிட்டு வந்திருக்கிறேன். தூக்கம் வரவில்லை.

தை மாதம் வாங்கிய மோட்டார் சைக்கிளின் பிரேம், ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பக்கம் விரிசல் விட்டுவிட்டது. வண்டியோடு திருவள்ளூர் கடைக்கு வீட்டுக்காரரும் நானும் போனோம். மேனேஜர் கையை விரித்தார்.

"நெல்லு மூட்டை ஏத்திக்கினு ஓட்டுனா ஒடையாம இன்னா பண்ணும்? உங்க தப்பு சார்."

இவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தேன். விரிசலுக்குள் காய்ந்த சந்தனம், குங்குமம். வண்டி எடுத்த அன்று அதே கடை வாசலில் நான் பூசியது. பெயிண்ட் பாழாகும் என்று இவர் கத்தியதால் அப்புறம் பூசவே இல்லை.

"அன்னிக்கு வச்ச சந்தனம் உள்ள பூந்துருக்குது. அப்போ விரிசலு அன்னிக்கே இருந்துருக்குது, இல்லையா சார்?" என்றேன்.

மேனேஜர் ஊசியால் நோண்டினார். குங்குமம் சிவப்பாக உதிர்ந்தது. பதினைந்து நாளில் புது பிரேம் மாற்றித் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மூட்டை ஏற்றியது உண்மைதான். இங்கே மட்டும் எழுதுகிறேன்.

வண்டியை விட்டுவிட்டு ஆரணி பஸ் ஏறினோம். பாதி வழியில் இவர் சொன்னார்: "புது பிரேம் வந்தா ஒரு எடம் உடாம சந்தனம் பூசிடு."