பூட்டிய வீடுகள் நாற்பத்தேழு

மார்ச் 3, திங்கள்
அதிகாலை ஐந்து மணிப் பேருந்தை நிறுத்துவதற்கு ஆட்சேப மனுக்கள் வந்ததால், போக்குவரத்துக் கழகம் மறுகணக்கெடுப்புக்கு உத்தரவிட்டுள்ளது. மாதச் சீட்டு முறை என்பதால், எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதற்கு வேறு பதிவு இல்லை. சென்ற ஆண்டு கேட்ட இருநூறு வீடுகளில் ஏழு வீட்டார்தாம் அதில் செல்வதாகக் கூறினர். அந்த அறிக்கை முறையானது எனச் சான்றளித்த சட்ட ஆலோசகன் நான்.

இம்முறை ஆய்வை நடத்துபவள் என் மனைவியின் தங்கை. உறவுமுறையைக் கழகத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்துவிட்டேன். "கல்யாணப் பத்திரிகையையும் இணைச்சிட்டீங்களா?" என்றாள் மனைவி.

மார்ச் 6, வியாழன்
மூன்று நாள்களாக மைத்துனியுடன் பார்வையாளனாகச் செல்கிறேன். வீடுகளைக் குலுக்கலில் எடுத்திருக்கிறாள்; அதில் அவளுடைய விருப்பத்துக்கே இடமில்லை. படிவத்தில் உள்ள கேள்வியை ஒரு சொல்லும் மாறாமல் கேட்கிறாள். தேர்ந்த குறுக்கு விசாரணையில்கூட இத்தகைய கட்டுப்பாட்டை நான் கண்டதில்லை.

நாற்பத்தேழு வீடுகள் பூட்டிக் கிடந்தன.

"பக்கத்து வீட்ல கேட்டுட்டா முடிஞ்சுதே," என்றேன்.

"கோர்ட்ல சாட்சி வரலேன்னா, பக்கத்து வீட்டுக்காரரைக் கூண்டுல ஏத்துவீங்களா அத்தான்?"



மார்ச் 9, ஞாயிறு
மூன்றாவது முறை. ஒவ்வொரு பூட்டுக்கும் நேரமும் கிழமையும் குறித்திருக்கிறாள். காலையில் பார்த்த கதவை மாலையில் தட்டுகிறாள். வேலைநாளில் பார்த்ததை இன்று. எனக்கு முழங்கால் வலி. அவளுக்கு இல்லையாம்.

மார்ச் 12, புதன்
மாடி வீடொன்று ஐந்தாவது முறை திறந்தது. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்.

"அஞ்சு மணி பஸ் இல்லேன்னா எனக்கு வேலையே இல்லீங்க. போன வருசமும் யாரோ கேக்க வந்தாங்களாம். நான் இல்லேன்னு, பக்கத்து வீட்டு ஐயாகிட்ட எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. ரிட்டயர் ஆனவரு, அவரு எதுக்குங்க அந்நேரத்துக்கு பஸ் ஏறப் போறாரு!"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மார்ச் 13
பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். பின்னிணைப்பு, எட்டாம் பக்கம்: பூட்டியிருந்த ஐம்பத்திரண்டு வீடுகளுக்குப் பதிலாக அருகிலுள்ள வீடுகள். ஓரத்தில் என் பென்சில் குறி. ஆக, படித்திருக்கிறேன். படித்துவிட்டுத்தான் — எப்படிடா விட்டே? விடியுமுன் வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி, வீட்டிலேயே இருப்பவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். நானும் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்
நாற்பத்தேழில் நாற்பத்தொரு வீடுகள் கிடைத்துவிட்டன. அவற்றுள் முப்பத்துமூன்று வீட்டார் அந்தப் பேருந்தை நம்பியிருப்பவர்கள்.

"மீதி ஆறும் இப்படித்தான் இருக்கும். சேர்த்துடேன்" என்றேன். நானா அப்படிச் சொன்னேன்?

"கிடைக்கலேன்னா கிடைக்கலேன்னுதான் எழுதுவேன். நீங்க பஸ் கட்சிக்கு வந்துட்டீங்கங்கிறதுக்காகப் படிவம் மாறாது அத்தான்."

ஆறு கட்டங்களும் வெறுமையாகவே இருக்கின்றன. இருபத்தாறு ஆண்டுத் தொழிலில் இவ்வளவு நேர்மையான ஆவணம் என் கைக்கு வந்ததில்லை.

மார்ச் 21
சென்ற ஆண்டின் சான்றைத் திரும்பப் பெறுவதாகக் கழகத்துக்குக் கடிதம் கொடுத்தேன். காரணம்: எனது கவனக்குறைவு.

"முறை மாறினதாலன்னு போடுங்களேன் சார், எதுக்கு உங்க பேரைக் கெடுத்துக்கிறீங்க?" என்றார் மேலாளர்.

மாற்றவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்
பேருந்து தொடரும் எனக் கழகம் அறிவித்துவிட்டது. இன்று அந்த ஐந்து மணிப் பேருந்தில் சென்றேன். சலவைப் பிரிவுப் பெண் சன்னலோரம் உறங்கிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, உள்ள தள்ளிப் போங்க, இன்னும் ஆளு ஏறணும்ல" என்றார் நடத்துநர்.

கடைசி நிறுத்தம்வரை நின்றுகொண்டே சென்றேன்.