ஒன்றரை என்று எழுதிய வகுப்பு

என் செண்பகாவுக்கு,

நீ போட்டுவைத்த விடையை ஓர் எழுத்தும் மாறாமல் எழுதியிருக்கும் உன் மகளுக்கு நான் எத்தனை மதிப்பெண் போட வேண்டும்? மாலையிலிருந்து அவள் விடைத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. நீ இருந்தால் சிரித்திருப்பாய். "மைனிக்கே விடை தெரியாத கணக்கா?" என்று ஸ்டாஃப் ரூம் முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருப்பாய்.

போன வருடச் சாரலின்போது நீ கண்ணை மூடினாய். அடுத்த மாதமே நிவேதா நம் கல்லூரியில் சேர்ந்தாள். இப்போது இரண்டாம் பருவம். அவள் வகுப்புக்குக் கணிதம் எனக்குத்தான் வந்தது. நீயும் நானும் வருடக்கணக்கில் அடுத்தடுத்த அறைகளில் நடத்திய அதே கால்குலஸ். வீட்டில் அத்தை, வகுப்பில் மேம். இரண்டையும் அவள் குழப்பிக்கொண்டதே இல்லை. என்னிடம் சந்தேகம் கேட்டதும் இல்லை. அதை நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

கல்லூரி நன்றாக இருக்கிறது, வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு. குற்றாலம் சாலையில் புது நுழைவு வளைவு கட்டியிருக்கிறார்கள். அருவிக்குப் போகிற வெளியூர்க் கார்கள் அதைக் கோயில் என்று நினைத்து வேகத்தைக் குறைக்கின்றன. தென்காசி பழைய பேருந்து நிலையத்தில் நம் பிள்ளைகள் கோட்டுப் போட்டுச் சிரிக்கும் ஃபிளெக்ஸ் தொங்குகிறது. கோட்டு ஒன்றுதான். முறை வைத்து மாட்டிவிட்டுப் படம் எடுத்தார்கள்.

நீ எழுதிய விடைப் புத்தகம், அந்தப் 'பாஸ் மெட்டீரியல்', சாகவில்லை. அட்டை மட்டும் மாறியிருக்கிறது. உன் பெயர் இருந்த இடத்தில் துறைத் தலைவரின் பெயர். உள்ளே எதையும் தொடவில்லை. நீ கவனிக்காமல் விட்ட அச்சுப்பிழைகூட அதே பக்கத்தில் இருக்கிறது. ஒருமுறை படித்துப் பார்த்திருந்தால் அதையாவது திருத்தியிருப்பார்.

தேர்வுக்கு முந்தின நாள் பிள்ளைகள் படிப்பதைப் பார்க்க வேண்டும் நீ. கேன்டீன் பின்பக்கம் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்துகொண்டு ஒருத்தி கேட்கிறாள், ஒருத்தி ஒப்பிக்கிறாள். "ஸ்டோக்ஸ், செவ்வகம்?" "டூ ஏ பி ஸ்கொயர்." "காஸ், பெட்டி?" "ஒன்றரை." என்ன ஒன்றரை, எதிலிருந்து ஒன்றரை என்று கேட்கக் கூடாது. கேட்டால் மறந்துபோகுமாம்.

காஸ் தேற்றத்தைப் போல எளிமையான ஒன்று இந்தப் பாடத்தில் இல்லை. ஒரு பெட்டிக்குள் எவ்வளவு தண்ணீர் ஊறுகிறதோ, அவ்வளவும் அதன் ஆறு பக்கங்கள் வழியாக வெளியே போயாக வேண்டும். உள்ளே ஊறுவதை ஒரு வழியில் கணக்கிடு, வெளியே போவதை இன்னொரு வழியில் கணக்கிடு, இரண்டும் சமமா என்று பார். 'சரிபார்' என்பதுதான் கேள்வியே. நம் கல்லூரியில் பார்க்காமலே சரி என்று சொல்லப் பழக்கியிருக்கிறோம். கடைசி வரியில் 'ஹென்ஸ் வெரிஃபைடு' என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்துவிட்டால் போதும். திருத்துகிறவருக்கும் அந்த இரண்டு கோடு போதும்.

இந்த முறை உள்தேர்வுக்கு நான் கேள்வித்தாள் எடுத்தேன். உன் புத்தகத்தில் இருக்கும் பெட்டியின் உயரத்தை ஒன்றிலிருந்து இரண்டாக்கினேன். அவ்வளவுதான். விடை ஏழு வர வேண்டும்.

வகுப்பே ஒன்றரை எழுதியது.

உயரம் இரண்டு என்று கேள்வியில் இருந்ததைத் தாளில் எடுத்து எழுதிவிட்டு, கீழே உயரம் ஒன்று உள்ள பெட்டிக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒருவன் மட்டும் உள்ளே ஊறுவது ஏழு என்று சரியாகவே கண்டுபிடித்துவிட்டான். அதைப் பார்த்துப் பயந்துபோய், குறுக்கே அடித்து, பக்கத்தில் ஒன்றரை என்று எழுதியிருக்கிறான். என் இருபத்தைந்து வருடப் படிப்பையும் பாடத்தையும் கேலி செய்ய இதைவிட யாராலும் முடியாது.

நிவேதாவின் தாள் மிகவும் அழகு. உன் கையெழுத்து. ஆறு பக்கங்களுக்கும் நீ போடுகிற அதே கட்டம், அதே வரிசை, ஒன்றரை, கீழே இரண்டு கோடு.

துறைத் தலைவர் மதியமே வந்து மேசை பக்கத்தில் நின்றார். "மேடம், ஸ்டெப் மார்க் போட்டு விட்டுருங்க. பிள்ளைக பாவம்லா."

"எந்த ஸ்டெப்புக்கு சார்? இது வேற பெட்டியோட ஸ்டெப்பு."

"பெட்டின்னா எல்லாம் பெட்டிதான மேடம்."

இவர் முனைவர் பட்டம் பெற்றவர், செண்பகா. ஆய்வேட்டின் தலைப்பை மட்டும் சொல்ல இரண்டு மூச்சு வேண்டும்.

மற்றவர்கள் தோற்றால் ஒன்றும் ஆகிவிடாது, அடுத்த தேர்வில் பார்த்துக்கொள்வார்கள். உன் மகளுக்கு அப்படி இல்லை. ஊழியரின் பிள்ளை என்று அவளுக்குக் கட்டணம் வாங்கவில்லை. ஊழியர் இறந்துவிட்டாலும் சலுகை தொடரும், எந்தத் தேர்விலும் தோற்காதவரை. இதை இரங்கல் கூட்டத்தில் மைக் வைத்து அறிவித்தார்கள், கை தட்டினார்கள். கருணைக்குத் தேர்ச்சி மதிப்பெண் வைத்த ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும். மற்றக் கேள்விகளில் அவள் வாங்கியிருப்பது போதாது. இந்தக் கேள்விக்கு நான் பாதியாவது போட்டால் தேறுவாள். போடாவிட்டால் சலுகை போகும், படிப்பு நிற்கும்.

தம்பி சங்கரனுக்கு அதற்குள் செய்தி போய்விட்டது. சுரண்டைக் கடையிலிருந்து போன் செய்தான். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம்.

"ஏக்கா, நம்ம பிள்ளைக்கே ஃபெயில் போடப் போறியாமே?"

"நம்ம பிள்ளை தப்பா எழுதியிருக்குடா."

"எல்லாவளுந்தான் தப்பா எழுதியிருக்கா. எல்லாத்துக்கும் போட்டு விடு. உன் கைய என்ன பிடிச்சா வச்சிருக்கு?"

கட்டணத்தை நான் கட்டுகிறேன் என்றேன். உன் வீட்டுக்காரனை உனக்குத் தெரியும். "அக்கா காசுல பிள்ளைய படிக்க வச்சான்னு ஊருக்குள்ள பேசுததுக்கா? வீட்டுலயே இருக்கட்டும் அவ" என்று வைத்துவிட்டான். அக்கா பொய் மதிப்பெண் போட்டால் கௌரவம், பணம் கொடுத்தால் அவமானம். தம்பியைத் தெரிந்தே உனக்குக் கட்டிவைத்தவள் நான்.

நீ அந்த மெட்டீரியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? இது கணக்கே இல்லை, வெறும் ஒப்பாரி என்றேன். நீ தலையைத் தூக்காமலே சொன்னாய்: "மைனி, உங்க கணக்கு வெளங்குதவனுக்கு. வடகரையில இருந்து வயக்காட்டை விட்டு மொத ஆளா ஒருத்தன் வாரான். அவன் ஃபெயிலாயிப் போனா, அவன் தங்கச்சிய எவன் படிக்க அனுப்புவான்? மொதல்ல பாஸாகட்டும், பெறகு வெளங்கட்டும்."

அந்தப் 'பெறகு' எப்போது வரும் என்று நான் அப்போதே கேட்டேன். நீ அடுத்த பக்கத்தைத் தட்டத் தொடங்கினாய். வருடங்கள் போய்விட்டன; எந்தப் பருவத்திலும் அது வரவில்லை. அந்த வடகரைப் பையன் தேறினான்தான், அவன் தங்கையும் வந்தாள்தான். அவளும் ஒன்றரை எழுதிவிட்டுப் போனாள். உன்னைத் தவறு என்று சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல மாட்டேன். இன்று உன் மகளே அந்தப் புத்தகத்தை மனப்பாடம் செய்து வந்து என் முன்னால் நிற்கிறாள். அதை அவள் கணக்குக்காகப் படித்தாளா, உனக்காகப் படித்தாளா?

அவளைக் கேட்கலாமே என்பாய். சாயங்காலம் ஸ்கூட்டரில் அழைத்து வரும்போது கேட்டேன். "உயரம் ரெண்டுன்னு பாத்தியா?"

"பாத்தேன் அத்தை."

"பாத்துமா ஒன்றரை?"

"அம்மா அப்பிடித்தான போட்டிருக்கா."

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். கேள்வியில் இருக்கிற பெட்டிக்குக் கணக்குப் போட்டால்தான் அவள் என்னிடம் மதிப்பெண் வாங்குவாள். படிப்பு நின்றால் தினமும் உன் வீட்டுக்குப் போய், சங்கரன் திட்டினாலும், அவளுக்கு இந்தப் பாடத்தை நான் நடத்துவேன். அவளை விட மாட்டேன். அவளிடம் பொய்யும் சொல்ல மாட்டேன்.

இந்தக் கடிதத்தை இங்கேயே முடிப்பதாக இருந்தேன். முடிக்கவில்லை. மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் அந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் சுழியம் போட்டு, நிவேதாவுக்கும் போட்டு, கொண்டுபோய்க் கொடுத்தேன். துறைத் தலைவர் மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். "பாதி க்ளாஸ் போச்சே மேடம். செக்ரட்டரி கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?" பிறகு அவருக்கே ஒரு வழி தோன்றியது. கடைசி மணியில் மறுதேர்வு. இந்த ஒரு கேள்வி மட்டும், அதே கேள்வி. அதில் வாங்குவதைப் பழைய தாளில் சேர்த்துக்கொள்ளலாம், தேறினால் தேறினதுதான்.

மதியச் சாப்பாட்டுக்குள் கல்லூரி முழுக்கத் தெரிந்துவிட்டது. கேன்டீன் பின்பக்கம் அதே ஜோடிகள். "காஸ், பெட்டி?" "ஏழு." யாரோ ஒருத்தி போட்டுக் கொடுத்திருக்கிறாள், மற்றவர்கள் ஆறு பக்கத்தையும் வரிசை மாறாமல் ஏற்றிக்கொண்டார்கள். ஒரே நாளில் ஒரு வகுப்பின் அறிவு ஒன்றரையிலிருந்து ஏழாக உயர்ந்தது. இதை வளைவில் செதுக்கி வைக்கலாம்.

தாள்களை அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். ஏழு, ஏழு, ஏழு, கீழே இரண்டு கோடு. எல்லாப் படிகளும் சரி, விடையும் சரி. பதினாறுக்குப் பதினாறு போட்டேன். விதி அது, என்னால் மறுக்க முடியவில்லை.

நிவேதாவின் தாள் அசிங்கமாக இருந்தது. அடித்தல், திருத்தல், ஓரத்தில் கோணலாக ஒரு பெட்டியின் படம். உள்ளே ஊறுவது ஏழு. வெளியே போவது ஆறரை. கீழே இரண்டு கோடு இல்லை. 'இரண்டும் சமமாக வரவில்லை. எங்கே தப்பு என்று எனக்குத் தெரியவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதி நிறுத்தியிருந்தாள். ஏழு என்று அவளுக்கும் தெரியும். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சத்தமாகவே ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

படிப்படியாகப் பார்த்து மதிப்பெண் போட்டேன். ஒரு பக்கத்தில் மட்டும் பிழை. அதற்குக் குறைத்து, முடிவுக்குக் குறைத்து, பதினொன்று. நான் கொடுத்தது இல்லை செண்பகா, அவள் எடுத்தது. தேறிவிட்டாள். சலுகை தப்பியது. வகுப்பில் அவளுடையதுதான் மிகக் குறைந்த மதிப்பெண். துறைத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, "உங்க மருமவளுக்கு இன்னும் கொஞ்சம் கோச்சிங் குடுங்க மேடம்" என்றார். சரி சார் என்றேன்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் ஏறும்போது கேட்டேன். "ஏழுன்னு தெரியும்லா? எழுதித் தொலைச்சா என்ன?"

"எனக்கு வரலை அத்தை. வராததை வந்துச்சுன்னு எப்பிடி எழுத?"

"நேத்து எழுதினியே."

"நேத்து நான் போடவே இல்லையே."

"எங்க தப்புன்னு தெரியுதா?"

"சொல்லாதிய." குரலில் கோபம் இருந்தது. நானும் சொல்லவில்லை. மேலகரம் தாண்டும்வரை காற்றில் விரலால் எதையோ எழுதுகிறாள் என்பது மட்டும் கண்ணாடியில் தெரிந்தது. யானைப்பாலத்தில் ஏறும்போது என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். வண்டி ஆடிவிட்டது.

"மேல்பக்கம் அத்தை. அங்கன ரெண்டால பெருக்காம விட்டுட்டேன்."

இப்படிக்கு,
உன் மகளிடம் அடி வாங்கிய அவள் அத்தை,
உன் மைனி