கிணற்றிலிருந்து நூறு கஜம்

அன்புள்ள சம்பந்திக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் என் வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குகிறது. 'ழ' போடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். இவ்வளவு எழுதுவதற்கே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா சாயங்காலம் நடத்துகிற வகுப்புக்கு ஆறு மாதமாகப் போகிறேன். பஸ் போர்டில் 'ஆமத்தூர்' என்று நானே படித்த அன்று, ஏறாமல் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். "என்ன பெருசு, ஏறுதீகளா, இல்ல போர்டுக்கு மாலை போடுதீகளா?" என்றார் கண்டக்டர்.

அந்தச் சிரிப்பு மூன்று நாளாக இல்லை.

உங்கள் மகள் போர்வை தேடி எங்கள் வீட்டில் இருக்கிற உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அடியில் அந்துருண்டை வாசனையோடு ஒரு தாள் கிடந்தது. கிணற்று வழக்கில் கோர்ட்டு கொடுத்த உத்தரவு. வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டு நீங்கள் தமிழில் எழுதி வாங்கி வந்த நகல். ஒன்பது வருஷத்தில் நாம் இருவரும் அதை எத்தனை தடவை பிரித்துப் பார்த்திருப்போம்! நமக்குத் தெரிந்ததெல்லாம் அடியில் இருந்த வட்ட முத்திரை ஒன்றுதான். "ஜெயிச்சாச்சு, குழிய மூடச் சொல்லியாச்சு" என்று குமாஸ்தா சொன்னதோடு சரி.

இப்போது எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுவதும் படித்துவிட்டேன். கடைசியில் இப்படி இருக்கிறது: 'இனிமேலும் இந்தக் கிணற்றுக்கு நூறு கஜத்துக்குள் கழிவுநீர்க் குழி எதுவும் தோண்டக்கூடாது. தோண்டினால், இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற எவரும் வந்து சொல்லலாம்.'

போன மாதம் தீப்பெட்டி ஆபீசின் பின்வேலிக்கு வெளியே புதிதாக ஒரு குழி வெட்டியிருக்கிறார்கள், சம்பந்தி. தீக்குச்சி மருந்து கலக்குகிற சட்டிகளைக் கழுவி அதில்தான் ஊற்றுகிறார்கள். நான் போய்க் கிணற்றிலிருந்து குழிவரை எட்டுப் போட்டு அளந்தேன். என் ஒரு எட்டு ஒரு கஜம்கூட வராது. அறுபத்திரண்டு எட்டு. பதற்றத்தில் தப்பாக எண்ணினேனோ என்று திரும்ப அளந்தேன். அறுபத்தொன்று வந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னும் இதே ஆபீஸ் வெட்டிய குழியில்தான் தொடங்கியது. முதலில் பருப்பு வேகவில்லை. பிறகு கஞ்சி மஞ்சளாக வந்தது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். நம் தெருவே சேர்ந்து வெட்டிய கிணறு. ஊர்க் கிணற்றில் நாம் போய் மொண்டுவிட முடியாது. அந்த ஒன்றும் கெட்டால் போக்கிடம் இல்லை. நீங்கள்தான் மனு எழுதவைத்து வீடுவீடாகப் போய்க் கைநாட்டு வாங்கினீர்கள். "வேலை குடுக்கிற ஆபீஸ் மேலேயே கேஸா? நாளைக்குத் தண்ணிய வச்சு வயித்த நெரப்புவியா?" என்று உங்கள் முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். "தண்ணி இல்லாம எதை வச்சுடா நெரப்புவ?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தீர்கள்.

கோர்ட்டு ஒரு சுகாதார அதிகாரியைப் பார்த்துவர அனுப்பியது. அவர் வரும் நாளுக்குத் தெருவைக் கூட்டி, ஓலைப் பந்தல் போட்டோம். நீங்கள் அவரை எதிர்கொண்டு அழைக்க மெயின் ரோட்டுக்குப் போனீர்கள். அவரோ காட்டுப்பாதையில் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தார். வாளியைக்கூடத் தொட்டார். "வெயில்ல நிக்காதீக எசமான்" என்று கையைப் பிடிக்காத குறையாகப் பந்தலுக்குள் கூட்டிப்போனது நான்தான். அன்று காலையில் உங்கள் மகள் மிஷன் பள்ளிக்கூடத்துக் கிணற்றிலிருந்து இரண்டு மைல் சுமந்து வந்திருந்த தண்ணீரைச் செம்பில் ஊற்றிக் கொடுத்ததும் நான்தான்.

இரண்டு செம்பு குடித்தார். "இந்தத் தண்ணிதானா?" என்று கேட்டார். "வீட்டுத் தண்ணிங்க, நல்லாக் குடிங்க" என்றேன்.

நீங்கள் ஓடிவந்து சேர்ந்தபோது அவர் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார். நான் பெருமையாக நின்றிருந்தேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, "செம்புல எந்தத் தண்ணி?" என்றீர்கள். நான் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். சம்பந்தியம்மாதான் பிடிபிடி என்று பிடித்தார்கள். "மாப்பிள்ளை வீட்டு உபசாரத்த எங்க மக கலியாணத்துல காட்டியிருக்கக் கூடாதா?"

அடுத்த வாய்தாவில் ஆபீஸ் வக்கீல் அதிகாரியின் அறிக்கையைப் படித்தார். தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன், கசப்பு இல்லை என்று இருந்தது. எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதிகாரியை ஏமாற்றினாய் என்று ஜெயிலில் போட்டால்? வேட்டி முனையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். நம் பக்கம் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டு, இன்னும் ஒரு வாய்தா கொடுத்தார்கள். கோர்ட்டிலிருந்து சாத்தூர் ரயில்வே கேட் வரைக்கும் நடந்து வந்தோம். கேட் சாத்தியிருந்தது. ரயிலைப் பார்த்தபடியே கேட்டீர்கள்.

"பயந்துட்டீகளா, சம்பந்தி?"

"ஆமா."

"எனக்கும்தான்."

திட்டியிருந்தால் இன்னும் நாலு நாள் ஒளிந்திருப்பேன். நீங்கள் அப்படிச் சொன்னதால்தான் மறு வாய்தாவில் கூண்டில் ஏறினேன். செம்புத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னேன். ஏன் மாற்றிக் கொடுத்தாய் என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"வெயில்ல வந்தவுக எசமான். அந்தக் கசப்ப எப்படிக் குடுக்கிறது?"

"நீங்கள் மட்டும் தினமும் குடிக்கிறீர்களே?" என்று வக்கீல் மடக்கினார்.

"நாங்க வீட்டு ஆளுகதான எசமான்."

எல்லோரும் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்காமல் எதையோ எழுதினார். அதே அதிகாரியை மறுபடி அனுப்பினார்கள். இந்தத் தடவை அவரே இறைத்து, ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டு, மிச்சத்தைப் பாட்டிலில் அடைத்து அரக்கு வைத்துக்கொண்டு போனார். ஆபீசுக்கு லைசென்ஸ் இருக்கிறது என்று வக்கீல் கடைசிவரை வாதாடினார். லைசென்ஸ் தீப்பெட்டி செய்யத்தான், கிணற்றைக் கெடுக்க அல்ல என்று மாஜிஸ்திரேட் சொன்னதை நீங்கள் சாகும்வரை சொல்லிச் சிரித்தீர்கள்.

சட்டம் என்றால் அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போவது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். பார்த்துக்கொள்ளும் வேலையை நம்மிடமே கொடுத்துவிட்டு அது போயிருக்கிறது. நமக்குப் படிக்கத் தெரியாததால் ஒன்பது வருஷம் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது.

படித்தபிறகு தூக்கம் போய்விட்டது. என் மகன் அதே ஆபீசில்தான் குச்சியை மருந்தில் முக்குகிறான். உங்கள் மகள் ஒட்டுகிற பெட்டிக்கட்டும் அங்கிருந்துதான் வருகிறது. மனு கொடுத்தால் இரண்டும் நின்றுபோகலாம். மகனிடம் சொன்னேன். "ஏம்ப்பா, படிச்சதும் படிச்சீக, இதையா படிக்கணும்?" என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியவில்லை. குழி இன்னும் நிறையவில்லை, மழை வரட்டும் பார்க்கலாம் என்கிறான். மழை வந்தால் அது எந்தப் பக்கம் வடியும் என்று அவனுக்கும் தெரியும்.

ஆனாலும் எழுதிவிட்டேன், சம்பந்தி. யாரையும் கேட்டு எழுதவைக்காமல், நானே. ஆபீசை மூடு என்று எழுதவில்லை. குழியை நூறு கஜத்துக்கு அப்பால் தள்ளு என்று மட்டும் எழுதினேன். நேற்று உங்கள் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பசைத் தட்டில் விரலை வைத்தபடி அசையாமல் கேட்டாள். விரலைத் துடைத்துவிட்டு, "என் பேரையும் எழுதுங்க மாமா" என்றாள்.

பேனாவைக் கீழே வைத்தேன். "கட்டு நின்னுரும், தாயி."

"தெரியும். எழுதுங்க."

எழுதினேன். பெயருக்குக் கீழே என்ன போடுவது, என் மருமகள் என்றா, இன்னாருடைய மகள் என்று உங்கள் பெயரையா என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்கு? இந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கிறவன்னு போடுங்க. காயிதத்துல அப்படித்தான இருக்கு."

அப்படியே போட்டேன்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் சாத்தூர் பஸ் ஏறுகிறோம். வாங்கிக்கொள்வார்களா, 'பழைய உத்தரவு, செல்லாது' என்பார்களா, திரும்பி வரும்போது வீட்டு வாசலில் பெட்டிக்கட்டு இருக்குமா, ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் இந்நேரம் தெரிந்துவிடும். நல்லதோ கெட்டதோ, அதை உங்களுக்கு எழுதாமல் நான் வேறு யாருக்கு எழுதப்போகிறேன்?