நேற்று சதுர்த்தசி

ஏப்ரல் 3, புதன்

காலை எட்டு மணிக்கே வெயில். வாங்க: அண்ணாவுக்கு மாத்திரை, கொத்தமல்லி, ரீஃபில். ரீஃபில் மறந்துபோயிற்று. இது பென்சில்.

பிரபு ஆட்டோ வைத்துக்கொண்டு வந்தான். அண்ணாவோடு காலேஜில் படித்தவன், இப்போது துவாக்குடியில் ஒரு பட்டறையில் வேலை. ஆம்ப் வேண்டுமாம். அண்ணாவின் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் கறுப்புப் பெட்டி. அண்ணா மாடியறையில் தாழிட்டுக்கொண்டு இரண்டு வருஷமாகிறது. அதுவும் அன்றிலிருந்து கூடத்து மூலையில். அம்மா அதன்மேல் மடித்த துணி வைக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை அந்தப் பாடகனுக்கு அஞ்சலிக் கூட்டம்மா. ஆம்ப் இல்லாம எப்படி?"

"அமாவாசை திங்கக்கிழமைன்னா வரது?"

"திங்கக்கிழமை யாருக்கு லீவு? ஒரு நாள் முன்னப்பின்ன. செத்தவன் வந்து கேக்கப் போறானா?"

"மேல போய் அண்ணாவைப் பார்த்துட்டுப் போங்களேன்."

"தூங்கிட்டிருப்பான். எதுக்குத் தொந்தரவு."

மணி பதினொன்று. பிரபுவும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். மாடிப்படியைத் தாண்டும்போது பிரபு தரையையே பார்த்துக்கொண்டு போனான்.

துணிகளை நாற்காலிக்கு மாற்றினேன். ரசத்தில் உப்பு தூக்கல்.

ஏப்ரல் 5, வெள்ளி

காற்றே இல்லை. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பத்தி. அதையும் அடித்தாயிற்று.

அந்த ராக் பேண்ட். நான் பிறப்பதற்கு முன் அமெரிக்காவில் மழை ஓயாத ஏதோ ஊரில் ஐந்து பேர். இரண்டு குரல்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டே போகும், எங்கும் இனிக்காது. பள்ளிக்கூட நாட்களில் அண்ணா ஒரு காதுக்கான இயர்போனை எனக்குக் கொடுத்தான். கீழ்க்குரல் என் பக்கம் வந்தது. இப்போதும் அதுதான் எனக்கு மனப்பாடம்.

அதில் பாடினவன் தன் அறையில் தனியாகச் செத்துக் கிடந்தான். எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. கதவை உடைத்த தேதி மட்டும்தான் தெரியும். செத்த திதி தெரியாதவர்களுக்கு அமாவாசை என்று சொன்னவன் அண்ணா. பங்குனி அமாவாசை. காலேஜில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அதுவே வழக்கம். வாட்ஸப் குழுவுக்குப் பெயரே அமாவாசை. திதி பார்த்துச் சொல்வது எப்போதும் அண்ணா. இந்த வருஷம் யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டு அமாவாசை வேறு. அப்பா போய் மூன்று வருஷம். முதல் வருஷம் மட்டும் அண்ணா தர்ப்பணம் பண்ணினான். இப்போதும் அம்மா எள், தர்ப்பை, சொம்பு எல்லாம் கூடத்தில் எடுத்து வைக்கிறாள். மத்தியானம் திரும்ப உள்ளே கொண்டு வைக்கிறாள். 

இரவுச் சாப்பாடு அவன் கதவுக்கு வெளியே. காலையில் பாதித் தட்டு.

ஏப்ரல் 7, ஞாயிறு

போனேன். ஏன் போனேன்? எனக்கும் அந்தப் பாட்டுகள் பிடிக்கும், அவ்வளவுதான்.

துவாக்குடி, பிரபுவின் மொட்டைமாடி அறை. சாயந்திரம். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் கறுப்புச் சட்டை, ஒரே வியர்வை. ஆம்ப் தலையில் அந்தப் பாடகனின் படம், முன்னால் மெழுகுவர்த்திகள். யாரும் கிட்டார் கொண்டுவரவில்லை. பாட்டு போனில்தான் ஓடியது. ஆம்ப் சும்மா மேஜை.

பழைய கதைகள். யார் முதலில் கேட்டது, யார் பச்சை குத்திக்கொண்டது. ஃபாரூக் பெரிய கடை வீதியில் அவன் அத்தாவின் கண்ணாடிக் கடையைப் பாதியில் விட்டு வந்திருந்தான். அவன் ஒருவன்தான் அண்ணாவைப் பற்றிக் கேட்டான்: "ரகு எப்படி இருக்கான்?"

"வந்து பாருங்களேன்."

"வரணும்மா. வந்து என்ன பேசறதுன்னுதான்... இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம்."

போன வருஷமும் இதே அடுத்த வாரம்.

நாலாவது பாட்டில் பிரபு அழுதான். நிஜமான அழுகைதான். "அத்தனை நாள் கிடந்திருக்கான்டா. யாராவது ஒருத்தன் போய்க் கதவைத் தட்டியிருந்தா பொழச்சிருப்பான்டா."

"எங்காத்து மாடிக் கதவு பச்சை பெயின்ட். தட்டினா உள்ள நன்னாக் கேக்கும்" என்றேன்.

 ஒருவன் மெழுகுவர்த்தியை நிமிர்த்தி வைத்தான். இன்னொருவன், "அடுத்தது போடுறா."

பஸ்ஸில் யோசனை. அடுத்தவன் இருட்டு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தால் வசதி. நாறாது. நான் மட்டும்? தட்டை வைத்துவிட்டு இறங்குகிறவள். உள்ளே போய் உட்கார்ந்ததில்லை.

ஏப்ரல் 8, திங்கள், அமாவாசை

ஒன்பது மணி. மாடியில் தண்ணீர் ஊற்றும் சத்தம். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இறங்கி வந்தான். குளித்திருந்தான். இளைத்த தோளில் அந்த ராக் பேண்டின் பழைய டீ-ஷர்ட், சாம்பலாக வெளுத்தது.

"வந்துட்டான்" என்றாள் அம்மா. என்னிடமா, அப்பா படத்திடமா. "எள்ளெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன்டா கண்ணா, உக்காரு."

அவன் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆம்ப் எங்க?"

"பிரபு எடுத்துண்டு போனார். அஞ்சலிக்கு."

"எப்போ?"

"நேத்தே முடிஞ்சுடுத்து."

"நேத்து சதுர்த்தசிடி."

கோபம் இல்லை. கணக்கில் பிழை பார்த்தவன் குரல். படியில் கை வைத்து நின்றான். அம்மா தாம்பாளத்தைச் சற்று முன்னால் நகர்த்தினாள். பார்த்தான். "ஆம்ப் வரட்டும்மா" என்று மேலே போய்விட்டான்.

தாழ்ப்பாள் சத்தம் கேட்கவில்லை. நின்று கேட்டேன். இல்லை.

பிரபுவுக்குப் போன். "இன்னிக்கா? ஷிஃப்ட்ல இருக்கேன்மா. ஞாயித்துக்கிழமை நானே கொண்டாந்து தரேன்." ரூம் சாவி வீட்டுக்கார அம்மாவிடம் என்றான். ஃபாரூக் போனை எடுக்கவில்லை.

அம்மா பஞ்சாங்கத்தைப் பார்த்தாள். "ராத்திரி வரைக்கும் அமாவாசை இருக்கு. நீ போயிட்டு வா." எள்ளை உள்ளே வைக்கவில்லை.

துவாக்குடி. வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்துவிட்டார். "அந்தப் பேய்ப்பாட்டுப் பொட்டிதானே? எடுத்துட்டுப் போம்மா, புண்ணியமாப் போகும்." ஒரு பக்கம் அவரே பிடித்தார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறும்போது ஒரு பூக்காரர் பெட்டியை ஏற்றிவிட்டார். இப்போது ஸ்ரீரங்கம் பஸ். பெட்டி என் காலடியில், கம்பிக்கும் சீட்டுக்கும் நடுவே. அதன்மேல் வைத்து எழுதுகிறேன்.

கண்டக்டர்: "என்னம்மா ஸ்பீக்கரா? கோயில்ல விசேஷமா?"

"இல்லீங்க. அமாவாசை."

"அமாவாசைக்கு மைக் செட்டா! லக்கேஜ் டிக்கெட் போடணும்மா."

போட்டார்.

காவிரிப் பாலத்தில் நெரிசல். பஸ் நகரவில்லை. அம்மா போன்: "எங்கடி இருக்கே? ரெண்டு தடவை கேட்டுட்டான்."

ஆம்ப் தலையில் நேற்றைய மெழுகு, ஏழெட்டுச் சொட்டு. கெட்டியாகிவிட்டது. நகத்தால் சுரண்டுகிறேன். வீடு சேர்வதற்குள் ஒன்றுகூட இருக்கக் கூடாது.