பீடி இல்லாத இடைவேளை

அக்கா, இன்று காலை களிமண் இறக்க வந்த லாரி ஓட்டுநர், நம் பீங்கான் ஆலைச் சூளையின் பின்சுவரில் சாய்ந்து பீடி பற்றவைத்தார். அந்த மணம் எட்டியதுமே என் விரல்கள் தாமாகக் குவிந்தன. வாயில் நீர் ஊறியது. ஆயினும் அவ்விடத்தை விட்டு நான் நகரவில்லை. நின்றபடியே உங்களை நினைத்துக்கொண்டேன்.

நாம் பீடி பிடிக்கத் தொடங்கியது ஆசையால் அன்று என்பதை இங்கே வெகு சிலரே அறிவர். ஆண்கள் "பீடி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போனால் மேஸ்திரி வாய் திறக்கமாட்டார். நாம் இடுப்பை நிமிர்த்த எழுந்தாலோ, "என்னாங்க, வேல முடிஞ்சிதா?" என்பார். ஒருநாள் நீங்கள் அவர் எதிரிலேயே ஒரு பீடியைக் கேட்டு வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு வெளியே நடந்தீர்கள். மறுநாள் நானும் பின்தொடர்ந்தேன்.

ஜங்ஷன் பக்கமிருந்து ரயிலோசை கேட்க, சுவரின் வெதுவெதுப்பில் முதுகைச் சாய்த்து நின்ற அந்தச் சிறுபொழுது மட்டுமே நமக்குச் சொந்தமாக இருந்தது. பள்ளிக்குச் செல்லாமல், கடைப் பொட்டலத் தாள்களில் எழுத்துக் கூட்டிக் கற்றவள் நான். கற்றதையெல்லாம் அங்கேதான் உங்களிடம் ஒப்பிப்பேன். "என்னாடி, மேடையில ஏறுன மாதிரி பேசுற! மைக்கு செட்டுக்குச் சொல்லி வுடட்டா?" என்று புகையோடு சிரிப்பீர்கள். இப்படியே ஆண்டுகள் பல கடந்தன. ஓய்வுக்காகத் தொட்ட பீடி, வீட்டு அடுப்பங்கரை வரை நம்மைத் தொடர்ந்து வந்தது.

பிறகு உங்களுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. மண் தூசியும் புகையும் சேர்ந்து செய்த வேலை என்றார் மருத்துவர். படுக்கையருகே அமர்ந்திருந்த என்னிடம், விட்டு விட்டுச் சொன்னீர்கள்: "பீடிய வுட்டுடுடி. ஆனா வெளிய வந்து நிக்கிறத வுட்டுடாத."

உங்களைச் சுடுகாட்டுக்குத் தூக்கிச் சென்ற அன்றே பீடியை விட்டேன். அது எளிதன்று. கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டும்போது கை நடுங்கியது, ஒட்டியவை கோணிக்கொண்டன. வீட்டில் யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன். கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டேன். இடைவேளையில் வெளியே போனால் ஆசை மூளும். போகாவிட்டால் இடுப்பு ஒடியும். நீங்கள் சொன்னதை நம்பி, வெறுங்கையோடு போய் நின்றேன்.

மேஸ்திரி வந்தார். "என்னாம்மா, பீடியும் இல்ல, சும்மா நிக்கிறீங்க?"

"புகைப்பவருக்கு ஓய்வு உண்டு, புகையை விட்டவருக்கு இல்லை என்பது எவ்வகை நியாயம்?" என்றேன்.

"யம்மா தாயே, நில்லுங்க. இதுக்கு நீங்க பீடியே குடிச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது பீடியையே தொடாத பெண்களும் வந்து நிற்கிறார்கள். நேற்று, கோப்பைகளுக்குப் பளபளப்புப் பூச்சு பூசும் கிளேசிங் பகுதியில் வேலை செய்யும் ஒருத்தி, மடியில் செருகிய பீடிக்கட்டைத் தடவியபடி, "எப்புடிக்கா வுட்டீங்க?" என்று கேட்டாள். கை நடுங்கியது, எரிந்து விழுந்தது, எதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப இன்னும் ஆச இருக்குதா?"

"இருக்குது" என்றேன். அந்த இடத்தில் மேடைச் சொல் எதுவும் எனக்கு அகப்படவில்லை.

அவள் பீடிக்கட்டிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, பற்றவைக்காமலேயே என் பக்கத்தில் சாய்ந்து நின்றாள்.

அந்த ஆசை இன்றும் என்னோடுதான் வேலைக்கு வருகிறது, அக்கா. வரட்டும். நாளையும் நான் வெறுங்கையோடு வெளியே போவேன், நிற்பேன், அப்படியே திரும்பி வருவேன்.